புவிவெப்ப மின்நிலையத்தில் ஸ்கேல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

இது ஷிஃப்டில் இருப்பவர்களுக்கான குறிப்பு. வெந்நீரில் கரைந்த கனிமங்கள் கிணற்றிலும் குழாயிலும் கல்லாகப் படிவதைத்தான் ஸ்கேல் என்கிறோம். மேற்குத் துருக்கியின் மெண்டெரஸ் பள்ளத்தாக்கைப் போல, கரியமில வாயு நிறைந்த வெந்நீர்க் கிணறுகளில் வேலை பார்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். நியூசிலாந்திலோ கென்யாவிலோ இந்தோனேசியாவிலோ இருப்பவர்களுக்கு சிலிக்கா பற்றி வரும் பகுதிகள் கூடுதலாக உதவும். வேதியியல் பாடம் இதில் இல்லை. எது ஏறுகிறது, எது இறங்குகிறது, முதலில் எதைத் தொட வேண்டும், எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

"ஸ்கேல் அடைத்துவிட்டது" என்று வரும் புகார்களில் பல, அழுத்தம் காட்டும் கேஜிலோ, படிவைத் தடுக்கும் மருந்தைக் கிணற்றுக்குள் செலுத்தும் டோசிங் பம்பிலோ முடிந்துபோகும். கிணற்றைக் கடையும் ரிக்கின் வாடகை பற்றிப் பேச்சு எழும்போதே இந்த இரண்டையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பார்த்தாயிற்று என்று பதில் வந்தாலும் நீங்களே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

கேஜுக்குப் போகும் மெல்லிய குழாயில் நீர் ஓடாது. அது எளிதில் அடைத்துக்கொள்ளும். அதை ஐசொலேட் செய்து, ஊதித் தள்ளிவிட்டு, காலிபரேட் செய்த இன்னொரு கேஜை மாட்டி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்து கடந்த மூன்று மாத டிரெண்டைத் திரையில் விரியுங்கள். ஸ்கேல் சரிவாகத்தான் காட்டும். கோடு படிக்கட்டு மாதிரி ஒரே நாளில் இறங்கியிருந்தால், வால்வு, கருவி, அல்லது எங்கோ பெயர்ந்து வந்து சிக்கிய துண்டு என்று தேட வேண்டும். அந்த நாளின் லாக் புத்தகத்தை எடுத்தால் பாதி விடை அதிலேயே இருக்கும்.

பாதுகாப்பு விஷயம் ஒன்று. கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைட் இரண்டும் காற்றைவிடக் கனமானவை. கிணற்றின் தலைப்பகுதியான வெல்ஹெட்டைச் சுற்றியுள்ள குழியான செல்லாரிலும் திறந்த பாத்திரங்களுக்குள்ளும் அவை தேங்கி நிற்கும். ஹைட்ரஜன் சல்பைட் 100 பிபிஎம் அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. உடம்பில் மானிட்டர் இல்லாமல் செல்லாரில் இறங்க வேண்டாம்.

கையில் ஒரு துண்டு கிடைத்தால்

ஃபில்டரிலோ டிரெயினிலோ வரும் துண்டைத் தூக்கி எறியாதீர்கள். எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதிப் பையில் போடுங்கள். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள்.

- நுரைத்துப் பொங்கினால் கால்சைட் (கால்சியம் கார்பனேட்). சென்னை போர்வெல் தண்ணீரில் ஓடும் கீசர் காயிலில் படியும் வெள்ளைப் படலமும் இதேதான். இங்கே அது கை தடிமனுக்கு வளரும்.
- ஒன்றுமே நடக்காமல், உடைத்தால் கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லாக வந்தால் பெரும்பாலும் சிலிக்கா.
- கறுப்பாக இருந்து, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பினால் சல்பைட். உடனே விலகி நில்லுங்கள்.
- காந்தத்தில் ஒட்டினால் அது பெரும்பாலும் குழாயின் சொந்தத் துரு. ஸ்கேல் கணக்கில் சேர்க்காதீர்கள். அரிப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள்.
- ஆரஞ்சுச் சிவப்பிலிருந்து கருஞ்சாம்பல் வரையிலான நிறத்தில், குளிர்ந்த முனையில் மட்டும் கிடைத்தால் ஆன்டிமனி சல்பைட் என்று சந்தேகியுங்கள்.

துண்டைக் குறுக்கே உடைத்தும் பாருங்கள். மரத்தின் உள்வட்டம் போல வரி வரியாகத் தெரியும். சீரான மெல்லிய வரிகளுக்கு நடுவே ஒரு தடித்த வெள்ளைப் பட்டை இருந்தால், இன்ஹிபிட்டர் (படிவைத் தடுக்கும் மருந்து) நின்றுபோன காலம் அதுவாக இருக்கலாம்.

சல்பைட் ஸ்கேல் எல்லாம் குப்பை இல்லை என்பது ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் சால்டன் கடல் பகுதியில் 1960களின் தொடக்கத்தில் சோதித்த கிணற்றுக் குழாயில் செம்பும் வெள்ளியும் நிறைந்த படிவு கிடைத்தது. ஐஸ்லாந்தின் ரெய்க்யானஸ் கிணறுகளின் படிவில் தங்கமும் உண்டு. ஆனால் ஈயம், பேரியம் உள்ள படிவில் கதிரியக்கமும் இருக்கக்கூடும். மீட்டர் வைத்துப் பார்க்கும் வரை உலர்ந்த நிலையில் அரைக்கவோ சுரண்டவோ கூடாது.

அறிகுறி 1: கிணற்று ஓட்டம் வாரக்கணக்கில் மெல்லக் குறைகிறது

இதில்தான் பணம் அதிகம் போகும். ஆகவே நின்று நிதானமாகப் பார்ப்போம்.

*இன்ஹிபிட்டர் உண்மையில் எவ்வளவு போகிறது?*

பம்ப் ஓடும் சத்தம் கேட்டால் மருந்து போகிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்குப் போடுங்கள். கிணற்றிலிருந்து மணிக்கு 200 டன் வருகிறது, அளவு 4 பிபிஎம் என்றால், மணிக்கு 0.8 கிலோ, நாளுக்கு சுமார் 19 கிலோ இறங்க வேண்டும். டாங்க் அளவு அந்த வேகத்தில் குறைகிறதா? நீர் கலந்த மருந்தானால் கலந்த விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு டாங்க் வால்வை மூடி, காலிபரேஷன் குழாயிலிருந்து மட்டும் பம்பை உறிஞ்ச விட்டு, நிமிடத்துக்கு எத்தனை மில்லி இறங்குகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். கணக்குக்கும் இதற்கும் பெரிய இடைவெளி இருந்தால், உறிஞ்சு பக்க ஸ்ட்ரெய்னர், காற்றுப் பூட்டு, தேய்ந்த செக் வால்வு, கிழிந்த டயஃப்ரம் என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் மலிவான உதிரிகள்.

*எந்தத் தண்ணீரில் கலக்குகிறார்கள்?*

பலரும் விட்டுவிடும் இடம் இது. கடினநீரில் பாலிமர் இன்ஹிபிட்டரைக் கலந்தால், அதிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து கோந்து மாதிரி திரண்டு, மருந்தைக் கிணற்றின் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மெல்லிய காப்பிலரி குழாயை மருந்தே அடைத்துவிடும். கண்டென்சேட் (குளிர்ந்து நீரான நீராவி) அல்லது டீமின் (தாது நீக்கிய) நீர் மட்டும். பம்பை நிறுத்தினால் மருந்தைக் குழாயில் அப்படியே விடாமல் அதே நீரால் அலசித் தள்ளிவிடுங்கள். கிணற்றுச் சூட்டில் அது வெந்து கெட்டியாகிவிடும்.

*காப்பிலரி குழாய் நன்றாக இருக்கிறதா?*

மேலே உள்ள டோசிங் அழுத்தம் வழக்கத்தைவிட ஏறிக்கொண்டே போனால் அடைப்பு. திடீரென விழுந்து திரும்பாவிட்டால் குழாய் அறுந்திருக்கலாம், அல்லது அடிமுனை வால்வு போயிருக்கலாம். வெல்ஹெட் மாதிரியில் இன்ஹிபிட்டர் தெரிகிறது என்பதை வைத்துத் திருப்தி அடையாதீர்கள். குழாய் பாதி ஆழத்தில் அறுந்திருந்தாலும் மேலே மருந்து வரத்தான் செய்யும். படிவு பிடிக்கும் இடத்துக்குத்தான் போயிருக்காது.

*கால்சியம் குறைகிறதா?*

மலிவான, ஆனால் நம்பகமான சோதனை இது. பிரைனில் (நீராவி பிரிந்தபின் மிஞ்சும் உப்பு வெந்நீரில்) கால்சியத்தை குளோரைடுக்கு எதிரான விகிதமாக எடுத்து, கிணறு சுத்தமாக இருந்த காலத்து விகிதத்தோடு ஒப்பிடுங்கள். நீராவி பிரிவதால் எல்லாமே செறிவாகும். அந்தக் குழப்பத்தை குளோரைடு தீர்த்துவிடும். விகிதம் இறங்கியிருந்தால், காணாமல் போன கால்சியம் கிணற்றுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மணிக்கு 200 டன் ஓடும் கிணற்றில் ஒரு கிலோ நீருக்கு 1 மில்லிகிராம் கால்சியம் குறைந்தாலே, நாளுக்கு 12 கிலோ கால்சைட் உள்ளே தங்குகிறது. மாதத்துக்கு 360 கிலோ.

*ஃபிளாஷ் ஆகும் ஆழம் கீழே இறங்கிவிட்டதா?*

ஃபிளாஷ் என்றால் நீர் கொதித்து வாயு பிரிவது. அந்த இடத்துக்குக் கீழே மருந்து சேர வேண்டும். மெகாவாட் போதவில்லை என்று யாராவது வெல்ஹெட் வால்வைக் கூடுதலாகத் திறந்திருந்தாலோ, நீர்த்தேக்கத்தின் அழுத்தம் வருடக்கணக்கில் இறங்கியிருந்தாலோ, ஃபிளாஷ் காப்பிலரி முனையைத் தாண்டிக் கீழே போய்விடும். அப்போது எவ்வளவு மருந்து விட்டாலும் வீண். முதலில் வால்வைச் சற்று மூடி வெல்ஹெட் அழுத்தத்தை உயர்த்துங்கள். சில மெகாவாட் இழப்பு வலிக்கும். ரிக் வருவதைவிட அது தேவலை. உள்ளே அழுத்த, வெப்ப லாகிங் எடுத்து ஃபிளாஷ் ஆழத்தை உறுதி செய்தபின் குழாயை இன்னும் கீழே இறக்கலாம்.

*ஸ்கேலா, நீர்த்தேக்கமே தளர்கிறதா?*

கிணற்றில் அடைப்பு என்றால், வெல்ஹெட் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாலும் ஓட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. கழுத்தைப் பிடித்தது மாதிரி நிற்கும். நீர்த்தேக்கம் தளர்ந்தால் எல்லா அழுத்தத்திலும் ஓட்டம் குறைந்திருக்கும், மூடிய கிணற்றின் ஆழத்து அழுத்தமும் இறங்கியிருக்கும். மூடிய வெல்ஹெட் கேஜை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். வாயு மேலே சேர்ந்து அதை ஏற்றிக் காட்டும். கீழே இறக்கிய கருவிதான் உண்மையைச் சொல்லும்.

*யாரை, எப்போது கூப்பிடுவது*

கம்பியில் கருவி இறக்கும் வயர்லைன் குழு வந்து, வெவ்வேறு விட்டமுள்ள கோ-டெவில் என்ற அளவுக் கருவிகளை இறக்கிப் பார்த்தால், எந்த ஆழத்தில் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். கிணற்றுக்குள் காப்பிலரி இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். இதுவரை நிலையத்தின் செலவு. இதற்கு மேல் உள்ளது ஒப்பந்தக்காரர் வேலை:

கிணற்றின் இரும்பு உறையான கேசிங்குக்குள் மட்டும் படிவு என்றால் கடைந்தெடுப்பது போதும். துருக்கியின் முதல் புவிவெப்ப மின்நிலையமான, 1984இல் ஓடத் தொடங்கிய கிசில்டெரேயில், இன்ஹிபிட்டர் வழக்கத்துக்கு வருமுன் கிணறுகளை அடிக்கடி இப்படித்தான் கடைந்தார்கள். ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில் கிணறு ஓடிக்கொண்டிருக்கும்போதே சிறிய ரிக் வைத்துக் கடைந்த அனுபவமும் உண்டு. அது தேர்ந்த ஆட்களின் வேலை.

படிவு பாறைப் பிளவுக்குள் போயிருந்தால் அமிலம். அரிப்புத் தடுப்பான் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, கேசிங் நிலையைப் பார்த்த பிறகே, அனுபவமுள்ள குழு மட்டும் உள்ளே தள்ள வேண்டும். பழைய கேசிங்கில் ஓட்டை இருப்பது தெரியாமல் அமிலம் விட்டால் கிணறே போய்விடும். எது செய்தாலும், டோசிங்கைச் சரிசெய்யாமல் கிணற்றை மட்டும் சுத்தம் செய்தால் அதே பில் மறுபடி வரும்.

அறிகுறி 2: செபரேட்டர் லெவல் வால்வு வர வர அதிகம் திறக்கிறது

செபரேட்டர் என்பது நீராவியையும் பிரைனையும் பிரிக்கும் பாத்திரம். ஓட்டம் அதேதான், ஆனால் அதன் நீர் மட்டத்தைப் பிடிக்க வால்வு 40 சதவீதத்திலிருந்து 70க்குப் போய்விட்டது. வால்வுக்குள்ளோ அதற்குப் பின்னாலுள்ள பிரைன் குழாயிலோ ஏதோ நெருக்குகிறது.

முதலில் வால்வு பொசிஷனர் சொல்வதும் தண்டின் உண்மையான நிலையும் ஒன்றுதானா என்று கண்ணால் பாருங்கள். அடுத்து, வால்வுக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம். வால்விலேயே வித்தியாசம் கூடியிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் அதைத் திறந்தால் போதும். குழாய் நீளத்தில் கூடியிருந்தால் படிவு நீளமாகப் பரவியிருக்கிறது. அல்ட்ராசோனிக் தடிமன் கருவி ஸ்டீலின் தடிமனைத்தான் காட்டும். படிவின் தடிமனைத் தெரிந்துகொள்ள ரேடியோகிராஃபி எடுப்பவரைக் கூப்பிடுங்கள்.

வெப்பநிலையை வைத்து எந்தக் கனிமம் என்று ஊகிக்கலாம். 250 டிகிரி நீர்த்தேக்கத்தில் ஒரு கிலோ நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா சுமார் 480 மில்லிகிராம். 160 டிகிரியில் ஃபிளாஷ் செய்ததும் நீராவி பிரிந்து அது சுமார் 600 ஆகும். அந்தச் சூட்டில் நீர் சுமார் 680 வரை தாங்கும். தப்பித்தோம். அதே பிரைனை 120 டிகிரிக்கு இரண்டாம் ஃபிளாஷ் செய்தால் 650ஐத் தொடும். தாங்குவது 460 அளவுதான். ஆகவே இரண்டாம் ஃபிளாஷுக்குப் பின்னால் படிவது என்றால் சிலிக்காவை முதல் குற்றவாளியாக வையுங்கள். முதல் செபரேட்டருக்கு முன்னாலேயே வெள்ளையாகப் படிந்தால் கால்சைட். அறிகுறி 1க்குப் போங்கள்.

சிலிக்காவுக்கு மலிவான மருந்து, ஃபிளாஷ் அழுத்தத்தை உயர்த்துவது. மின் உற்பத்தி கொஞ்சம் குறையும். அடுத்தது பிஎச்சை 5 அளவுக்கு இறக்க அமில டோசிங்; இது சிலிக்கா சேர்வதைத் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. அளவு கொஞ்சம் கூடினாலும் குழாய் அரிக்கும். அதனால் பிஎச் மீட்டரும் தானியங்கி டிரிப்பும் இல்லாமல் தொடங்கக் கூடாது. படிந்ததை எடுக்க ஹைட்ரோ ஜெட்டிங். ஹைட்ரோஃபுளோரிக் கலந்த அமிலம் சிலிக்காவைக் கரைக்கும் என்று யாராவது யோசனை சொன்னால், அது சிறப்புப் பயிற்சி பெற்ற குழுவின் வேலை, நிலைய ஆட்கள் அந்த டிரம்மைத் தொடவே கூடாது.

அறிகுறி 3: பைனரி யூனிட்டில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூடு கொடுக்கவில்லை

பைனரி யூனிட்டில் பிரைனின் சூடு, எளிதில் கொதிக்கும் பென்டேன் திரவத்துக்கு மாறி, அந்த ஆவிதான் டர்பைனை ஓட்டும். இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: வெப்பப் பரிமாற்றம், பிரைன் பக்க அழுத்த இழப்பு.

அழுத்த இழப்பு ஏறி, சூடு அவ்வளவாகக் குறையாவிட்டால், மேலே எங்கோ பெயர்ந்த சில்லுகள் ட்யூப் ஷீட்டின் வாயில் குவிந்திருக்கின்றன. ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள், மூடியைத் திறந்தால் கையால் அள்ளலாம். சூடு குறைந்து அழுத்த இழப்பு மாறாவிட்டால், மெல்லிய படலம் ட்யூப் முழுக்கப் பூசியிருக்கலாம். அல்லது குற்றம் பென்டேன் பக்கத்தில் இருக்கலாம். பென்டேன் மட்டம், அதில் கலந்த எண்ணெய் இவற்றைப் பார்க்காமல் பிரைன் பக்கத்தைத் திறக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து மோசமானால் தடித்த ஸ்கேல்தான்.

எந்த முனை என்பது முக்கியம். வெறுமனே குளிர்வதால் கால்சைட் படியாது. வாயு பிரிய வேண்டும். ஆகவே எக்ஸ்சேஞ்சரில் கால்சைட் கிடைத்தால், அழுத்தம் எங்கோ விழுந்து நீர் கொதித்திருக்கிறது, அல்லது இன்ஹிபிட்டர் நின்றிருக்கிறது. பிரைன் பம்பின் உறிஞ்சு அழுத்தத்தையும் பேக் பிரஷர் வால்வையும் பாருங்கள்.

குளிர்ந்த ப்ரீஹீட்டரில் மட்டும் என்றால் சிலிக்கா அல்லது ஆன்டிமனி சல்பைட். நியூசிலாந்தின் ந்காவா, ரோட்டோகாவா பைனரி யூனிட்டுகளில் இந்த ஆன்டிமனித் தொல்லை நன்கு தெரிந்தது. பிரைன் வெளியேறும் சூட்டைச் சில டிகிரி உயர்த்திப் பாருங்கள். படியும் வேகம் குறைந்தால் அதுவே தீர்வு, உற்பத்தி இழப்பைக் கணக்கிட்டு முடிவெடுக்கலாம். படிந்ததைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைக்கலாம். கழுவிய நீரை அமிலத்தோடு சேர்த்துவிடாதீர்கள்: கரைந்த சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைட் குபீரென வரும். காஸ்டிக்குக்குப் பின் அமிலக் கழுவல் வேண்டுமென்றால் நடுவே முழுக்க நீரால் அலசி, பிஎச் பார்த்த பிறகுதான்.

ட்யூப் கசிந்து பிரைன் டிரெயினில் பென்டேன் வாசம் வந்தால் சுத்தம் செய்யும் பேச்சை விடுங்கள். தீப்பற்றும் வாயு அது. யூனிட்டை நிறுத்தி, பாதுகாப்புப் பிரிவையும் எக்ஸ்சேஞ்சர் ஆட்களையும் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: ரீஇன்ஜெக்ஷன் அழுத்தம் ஏறுகிறது

ரீஇன்ஜெக்ஷன் என்பது பயன்படுத்திய நீரைக் கிணறு வழியே திரும்ப நிலத்துக்குள் அனுப்புவது. முதலில் பார்க்க வேண்டியவை கேஜ், ஃபில்டர், மூடிக் கிடக்கும் வால்வு. பிறகு ஒரு கேள்வி: அண்மையில் திரும்ப அனுப்பும் நீரின் சூடு கூடியதா? குளிர்ந்த நீர் பாறையைச் சுருக்கிப் பிளவுகளைத் திறக்கும். நீர் சூடானால் அந்தப் பிளவுகள் இறுகும். சூடு ஏறிய அதே நாட்களில் அழுத்தமும் ஏறியிருந்தால் அது ஸ்கேலாக இல்லாமலும் இருக்கலாம். முந்தைய சூட்டுக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதன்பின் சிலிக்கா. யூனிட்டிலிருந்து வெளிவரும் இடத்திலும் கிணற்றுத் தலையிலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுங்கள். மாலிப்டேட் சோதனை முறை, திரளாமல் தனி மூலக்கூறாகக் கரைந்துள்ள சிலிக்காவை மட்டும் காட்டும். மொத்தம் மாறாமல் தனிச்சிலிக்கா இறங்கியிருந்தால், குழாயில் வரும்போதே அது திரளத் தொடங்கிவிட்டது. மாதிரியைத் தெர்மாஸில், குழாய்ச் சூட்டிலேயே வைத்து, மணிக்கு ஒரு முறை அளந்து கோடு வரையுங்கள். கோடு இறங்காமல் சமமாக நிற்கும் நேரம், நீர் கிணற்றுக்குப் போய்ச் சேரும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். குறைவென்றால் குழாயில் தாமதத்தைக் குறையுங்கள், பயன்படாத குளங்களை வழியிலிருந்து எடுங்கள், இல்லையேல் அமிலம்.

கண்டென்சேட்டையும் பிரைனையும் ஒரே கிணற்றில் கலக்கிறீர்களா? கண்டென்சேட் சிலிக்காவை நீர்த்துப்போகச் செய்யும், நல்லதுதான். ஆனால் அதோடு வரும் ஆக்சிஜன் அரித்து, துருவையும் கந்தகத்தையும் கிணற்றுக்குள் தள்ளும். கலக்கும் இடத்தில் ஒரு மெம்பிரேன் ஃபில்டர் தாளைப் பிடித்து, அதில் தங்கும் நிறத்தைப் பாருங்கள். கறுப்பும் பழுப்பும் தங்கினால் சிலிக்காவைத் திட்டிப் பயனில்லை.

பிரைனை வெளியே விடலாமே என்று கேட்பவர்களுக்கு: ஸ்வார்ட்செங்கியில் எரிமலைக் கற்களுக்கு நடுவே விட்ட நீரில் சிலிக்கா படிந்து அடியை அடைத்துத்தான் ப்ளூ லகூன் என்ற குளம் உருவானது. சுற்றுலாவுக்கு நல்லது. உங்கள் கிணற்றிலும் அதே வேலையைத்தான் சிலிக்கா செய்யும்.

அமிலம் விட்டும் அழுத்தம் இறங்காவிட்டால், நீர்த்தேக்கப் பொறியாளரை அழைத்து ஃபால்-ஆஃப் சோதனை (நீர் செலுத்துவதை நிறுத்தி அழுத்தம் இறங்குவதை அளப்பது) செய்யச் சொல்லுங்கள். கிணற்றைச் சுற்றி அடைப்பா, தொலைவில் அழுத்தம் தேங்கியதா என்பது அதில்தான் பிரியும். புதுக் கிணறு தோண்டுவது அதற்கும் பிறகு.

அறிகுறி 5: அதே லோடுக்கு டர்பைன் நுழைவு அழுத்தம் ஏறுகிறது

முதல் நிலை நாசிலில் படிவு. காரணம் அநேகமாக நீராவியோடு பறந்து வரும் பிரைன் துளி. செபரேட்டர் மட்டம், துளிகளைப் பிடிக்கும் டெமிஸ்டர், நீராவிக் குழாயின் டிரெயின் பானைகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். நீராவி மாதிரியில் சோடியம், குளோரைடு ஏறியிருந்தால் உறுதி.

காரணத்தை நிறுத்திய பிறகு, ஓடும்போதே நீராவியில் கண்டென்சேட் தெளித்துக் கழுவலாம். பல நிலையங்களில் வழக்கம்தான். லோடைக் குறைத்து, தயாரிப்பாளர் தந்த எல்லைக்குள் மட்டும். அதிர்வு ஏறினால் உடனே நிறுத்துங்கள். கழுவியும் அழுத்தம் இறங்கவில்லை, அல்லது அதிர்வு பழையபடி திரும்பவில்லை என்றால் தயாரிப்பாளரின் ஆள் வந்து டர்பைன் உறையைத் திறக்கட்டும்.

அறிகுறி 6: கண்டென்சர் வாக்குவம் கெடுகிறது, கூலிங் டவர் நாசில் அடைக்கிறது

மஞ்சள் கலந்த வெள்ளைச் சேறு என்றால் கந்தகம். ஹைட்ரஜன் சல்பைட் காற்றோடு சேர்ந்து உண்டாவது, பாக்டீரியாவும் கை கொடுக்கும். வழவழப்பாக இருந்தால் உயிரினப் படலம். கிணற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இன்ஹிபிட்டர் அளவை மாற்றாதீர்கள். பயோசைட் (கிருமிக்கொல்லி) அட்டவணையையும், டவர் நீரில் ஒரு பகுதியை வெளியேற்றும் ப்ளோடவுனையும் பாருங்கள், நாசில்களைக் கழற்றிக் கழுவுங்கள். வாக்குவம் அப்போதும் வராவிட்டால் கண்டென்சரிலிருந்து வாயுவை வெளியே இழுக்கும் கேஸ் எக்ஸ்ட்ராக்ஷன் இஜெக்டரைச் சோதியுங்கள்: நீராவியில் வாயு கூடியிருந்தால் டவரை எத்தனை முறை கழுவினாலும் தீராது. வாயு அளவு உண்மையில் மாறியிருந்தால் வேதியியல் பிரிவோடு கிணற்றுப் பொறியாளரையும் சேர்த்து உட்கார வையுங்கள். இஜெக்டர் மாற்றுவது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு.